வாக்கியத் திருத்தக் கேள்விகளில் கடைசி இரண்டு விடைகளுக்குள் மாட்டிக்கொள்வது ஏன்?

கேள்வி இதுதான்: "ஆங்கிலத் தகுதித் தேர்வுக்காக ஆறு மாதமாக வாக்கியத் திருத்தக் கேள்விகளைப் போட்டுப் பார்க்கிறேன். இலக்கணப் புத்தகத்தை இரண்டு முறை முடித்தாயிற்று. எந்த விதியைக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். ஆனால் கேள்வி என்று வந்தால், நான்கைந்து விடைகளில் இரண்டுவரை குறைத்துவிட்டு, அந்த இரண்டில் தவறானதையே தேர்ந்தெடுக்கிறேன். எங்கே தப்பு நடக்கிறது?"

ஒரு வாக்கியத்தின் பிழையில்லாத வடிவம் எது என்று விடைகளிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லும் இந்த வகைக் கேள்விகளைப் பல வருடங்களாகச் சொல்லிக் கொடுத்து வருகிறேன். உங்களுக்கு நடப்பதுதான் முக்கால்வாசிப் பேருக்கும் நடக்கிறது. விதிகள் உங்களுக்குத் தெரியும். முதல் மூன்று விடைகளைத் தள்ளுவதே அந்த விதிகளை வைத்துத்தான். கடைசி இரண்டுக்கு வந்ததும் விதியைக் கீழே வைத்துவிட்டுக் காதைக் கேட்கிறீர்கள். இரண்டையும் மனதுக்குள் படித்துப் பார்த்து, எது வழுக்கிக்கொண்டு போகிறதோ அதைக் குறிக்கிறீர்கள். கேள்வி எழுதுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காதுக்கு இனிமையாகவும் அமைப்பில் ஓட்டையாகவும் ஒரு விடையைச் செய்து வைப்பதே அவர்களுடைய வேலை. ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு குடித்தவர்களே அதில் விழுகிறார்கள். நம்முடைய காதோ தமிழ்க் காது. தமிழில் சரியாக ஒலிப்பது ஆங்கிலத்திலும் சரி என்று சத்தியம் செய்யும்.

அதற்காக, தமிழை மறந்துவிட்டு ஆங்கிலத்திலேயே யோசியுங்கள் என்று பலரும் சொல்வதை நான் சொல்ல மாட்டேன். காதை நம்பாதீர்கள், தமிழ் இலக்கணத்தை நம்புங்கள். எழுவாய், முற்று (வாக்கியத்தை முடிக்கும் வினை), எச்சம் (முடியாமல் நிற்கும் வினை), எண்ணும்மை (அடுக்கிச் சொல்லும்போது வரும் 'உம்') என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதுதான் கடைசி இரண்டு விடைகளைப் பிரித்துக் காட்டும் கருவி. எப்படி என்று காட்டுகிறேன். உதாரணங்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன், நீங்கள் ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

அதற்கு முன் எந்தத் தேர்வு என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு இல்லாத பகுதிக்கு உழைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மேலாண்மைப் படிப்பில் சேர எழுதும் ஜிமேட் தேர்வில் வாக்கியத் திருத்தம் இப்போது கிடையாது. 2023 நவம்பரில் வந்த புதிய வடிவத்தில் அந்தப் பகுதியே எடுக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் அந்தப் பழைய கேள்விகளைப் போலக் கூர்மையானவை வேறு கிடையாது, பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். அமெரிக்கக் கல்லூரிகளில் சேர எழுதும் எஸ்ஏடி தேர்வில் வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதியில் 64 நிமிடத்தில் 54 கேள்விகள், அவற்றில் 11 முதல் 15 வரை இலக்கணமும் நிறுத்தக்குறியும். கல்வி நிறுவனங்கள் தம் மாணவர்களுக்கு வைக்கும் ஆங்கிலத் தேர்வான டோஃபல் ஐடிபியில் இலக்கணப் பகுதிக்கு 25 நிமிடத்தில் 40 கேள்விகள். முதல் 15 கோடிட்ட இடத்தை நிரப்புவது, மீதி 25 அடிக்கோடிட்ட நான்கு இடங்களில் பிழை எங்கே என்று காட்டுவது. வகுத்துப் பாருங்கள், ஒரு கேள்விக்கு முப்பத்தேழரை விநாடிதான் வருகிறது. மனப்பாடம் செய்த விதிகளை வரிசையாக ஓட்டிப் பார்க்க அது போதாது. அவசரத்தில் காதிடம் ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எழுவாயில் தொடங்குவோம். "தி லிஸ்ட் ஆஃப் புக்ஸ் ஆன் தி டாப் ஷெல்வ்ஸ் ஆர் இன்கம்ப்ளீட்." ஷெல்வ்ஸ் என்ற பன்மை காதில் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே 'ஆர்' வந்துவிடுவதால் ஒன்றும் உறுத்தாது. இப்போது எழுவாயை மட்டும் தமிழாக்குங்கள்: "மேல் தட்டுகளில் உள்ள புத்தகங்களின் பட்டியல்". கடைசியாக நிற்கும் சொல் எது? பட்டியல். அதுதான் எழுவாய், அது ஒருமை, ஆகவே 'இஸ்'. ஆங்கிலம் தலையை, அதாவது எழுவாயின் முக்கியச் சொல்லை, முதலில் வைத்துவிட்டு வாலை நீட்டிக்கொண்டே போகும், வினைச்சொல் வாலுக்குப் பின்னால்தான் வரும். தமிழ் வாலை எல்லாம் முன்னால் தள்ளிவிட்டுத் தலையைக் கொண்டுவந்து வினைக்குப் பக்கத்தில் நிறுத்திவிடும். ஆங்கிலத்தில் தலைக்கும் வினைக்கும் நடுவே விழும் அந்த இடைவெளியில்தான் கேள்வி எழுதுகிறவர்கள் விளையாடுகிறார்கள். தமிழாக்கினால் இடைவெளியே இருப்பதில்லை.

இந்த ஒரு வித்தை எத்தனை விதிகளை விழுங்கிவிடுகிறது பாருங்கள். "எ நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்" என்றால் பன்மை வினை, "தி நம்பர் ஆஃப் ஸ்டூடண்ட்ஸ்" என்றால் ஒருமை வினை என்று புத்தகம் மனப்பாடம் செய்யச் சொல்லும். தமிழில் முதலாவது "பல மாணவர்கள்", இரண்டாவது "மாணவர்களின் எண்ணிக்கை". கடைசிச் சொல்லைப் பார்த்தாலே போதும். "ஈச் ஆஃப் தி பாக்ஸஸ்" என்பது "பெட்டிகள் ஒவ்வொன்றும்". ஒவ்வொன்று ஒருமை. "தி டைரக்டர், அலாங் வித் ஹிஸ் அசிஸ்டண்ட்ஸ்" என்று வந்தால் "உதவியாளர்களுடன் இயக்குநர்". உதவியாளர்களுடன் இயக்குநர் வந்தார் என்போமே தவிர வந்தார்கள் என்று எழுத மாட்டோம். 'அண்ட்' வந்தால் "இயக்குநரும் உதவியாளர்களும் வந்தார்கள்". 'உடன்' எண்ணிக்கையைக் கூட்டாது, 'உம்' கூட்டும். 'டுகெதர் வித்', 'இன் அடிஷன் டு' எல்லாமே உடன் சாதி. 'ஆஸ் வெல் ஆஸ்' மட்டும் ஏமாற்றும், ஏனென்றால் அதை நாம் வழக்கமாக 'உம்' போட்டே மொழிபெயர்க்கிறோம். அதையும் உடன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. "ஷி இஸ் ஒன் ஆஃப் தோஸ் ஸ்டூடண்ட்ஸ் ஹூ ஒர்க் ஹார்ட்." இங்கே 'ஒர்க்' வருமா, 'ஒர்க்ஸ்' வருமா? ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களே தடுமாறுகிறார்கள். தமிழாக்கினால், "கடினமாக உழைக்கும் மாணவர்களில் ஒருவர்". உழைக்கும் என்ற பெயரெச்சம் எதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது? மாணவர்களை. எனவே பன்மை, 'ஒர்க்'. அதையே "தி ஒன்லி ஒன் ஆஃப் தி ஸ்டூடண்ட்ஸ் ஹூ ஒர்க்ஸ் ஹார்ட்" என்று மாற்றினால், "மாணவர்களில் கடினமாக உழைக்கும் ஒரே ஒருவர்" என்று ஆகிவிடுகிறது. எச்சம் இடம்பெயர்ந்து ஒருவரைத் தொடுகிறது, வினையும் ஒருமையாகிறது. ஆங்கிலத்தில் எழுதினால் அரைப் பக்கம் விளக்க வேண்டியதைத் தமிழ் வாக்கியம் தானாகவே காட்டிவிடுகிறது.

'ஐதர் ஆர்', 'நெய்தர் நார்' வந்தால் இந்த வித்தை உதவாது. வினைக்குப் பக்கத்தில் இருக்கும் பெயரைப் பார்த்து வினையைப் போடுங்கள், அவ்வளவுதான்.

அடுத்தது, எனக்குத் தெரிந்து அதிக மதிப்பெண்ணைத் தின்னும் இடம்: வாக்கியத்தின் தொடக்கத்தில் நிற்கும் எச்சம். ஒரு கேள்வியை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். வாக்கியம் இப்படித் தொடங்குகிறது: "ஹேவிங் ஸ்டடீட் ஓல்ட் மேப்ஸ் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்," அதற்குப் பின் கமா, அதற்குப் பின் வருவதற்கு ஐந்து விடைகள்.

அ: தி பரீட் சிட்டி வாஸ் ஃபவுண்ட் பை தி டூ ரிசர்ச்சர்ஸ்.
ஆ: தி டூ ரிசர்ச்சர்ஸ் டிஸ்கவரி ஆஃப் தி பரீட் சிட்டி வாஸ் மேட். (ரிசர்ச்சர்ஸுக்குப் பின் உடைமைக் குறி உண்டு.)
இ: தி டூ ரிசர்ச்சர்ஸ் ஃபவுண்ட் தி பரீட் சிட்டி.
ஈ: தி டூ ரிசர்ச்சர்ஸ், ஹூ ஃபவுண்ட் தி பரீட் சிட்டி.
உ: இட் வாஸ் தி டூ ரிசர்ச்சர்ஸ் ஹூ ஃபவுண்ட் தி பரீட் சிட்டி.

காதை மட்டும் கேட்டால் அ, இ, உ மூன்றுமே நன்றாக இருக்கும். உ இன்னும் கொஞ்சம் கம்பீரமாகக்கூட ஒலிக்கும். இப்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஆறு வருடம் வரைபடங்களைப் படித்தது யார்? ஆராய்ச்சியாளர்கள். அப்படியானால் கமாவைத் தாண்டியதும் வரும் எழுவாய் ஆராய்ச்சியாளர்களாகத்தான் இருக்க வேண்டும். அ விடையில் எழுவாய் நகரம். புதைந்து கிடக்கும் நகரம் வரைபடம் படிக்காது, போயிற்று. உ விடையில் எழுவாய் 'இட்', அதுவும் படிக்காது. ஆ விடைதான் நிஜமான பொறி. 'டூ ரிசர்ச்சர்ஸ்' என்ற சொற்கள் கமாவை ஒட்டியே நிற்பதால், "ஆராய்ச்சியாளர்கள் வந்துவிட்டார்கள், சரிதான்" என்று கண் ஏமாறுகிறது. முன்பு சொன்னபடி எழுவாயைத் தமிழாக்குங்கள்: "இரண்டு ஆராய்ச்சியாளர்களின் கண்டுபிடிப்பு". தலை கண்டுபிடிப்பு. கண்டுபிடிப்பும் வரைபடம் படிக்காது. மிஞ்சுவது இ, ஈ இரண்டும். நீங்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் கடைசி இரண்டு இவைதான். இரண்டிலும் எழுவாய் சரி. ஈ விடையைத் தமிழாக்கினால், "புதைந்த நகரத்தைக் கண்டுபிடித்த இரண்டு ஆராய்ச்சியாளர்கள்". அப்புறம்? முற்று இல்லை. வாக்கியம் அந்தரத்தில் நிற்கிறது. விடை இ.

இதை நம் இலக்கணக்காரர்கள் எப்போதோ எழுதி வைத்துவிட்டார்கள் என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் நெகிழ்ச்சியைத் தருகிறது. 'செய்து' என்னும் வாய்பாட்டு வினையெச்சம் வினைமுதல் கொண்டு முடியும், அதாவது எச்சத்தின் செயலைச் செய்தவரே முற்றின் செயலையும் செய்ய வேண்டும் என்று தொல்காப்பியமும் சொல்கிறது, நன்னூலும் சொல்கிறது. "வந்து அமர்ந்தான்" என்றால் வந்தவனும் அமர்ந்தவனும் ஒருவனே. ஆங்கிலத் தேர்வு இந்த இடத்தில் கேட்பது அட்சரம் பிசகாமல் இந்த விதியைத்தான். 'செய' என்னும் வாய்பாடு வேறு எழுவாயையும் ஏற்கும் என்பதும் நம் விதிதான்: "மழை பெய்யப் பயிர் விளைந்தது". ஆங்கிலத்திலும் இதற்கு இணை உண்டு. "தி ரெயின் ஹேவிங் ஸ்டாப்ட், தி பிளேயர்ஸ் ரிட்டர்ன்ட்" என்பது பிழையில்லாத வாக்கியம், ஏனென்றால் எச்சத்துக்குச் சொந்தமாக ஓர் எழுவாய் பக்கத்திலேயே இருக்கிறது. மாணவர்கள் இதைப் பிழை என்று அடித்துவிடுவார்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். "மழை பெய்து பயிர் விளைந்தது" என்று நாம் தயங்காமல் சொல்கிறோம். உரையாசிரியர்கள் இப்படிப்பட்ட இடங்களில் 'செய்து' என்பது 'செய' என்பதன் திரிபு என்று சமாதானம் கூறிவிட்டார்கள். அந்தத் தாராளம் ஆங்கிலத் தேர்வில் கிடையாது. ஆகவே தமிழில் சரியாகக் கேட்கிறதா என்று பார்க்காதீர்கள், செய்தவர் யார் என்ற கேள்வியைக் கேட்டுப் பதில் வாங்குங்கள்.

'விச்' வரும் இடங்களுக்கும் எச்சமே துணை. "தி கம்பெனி கட் தி ஒர்க்கர்ஸ் பே, விச் லெட் டு எ ஸ்ட்ரைக்." 'விச்' பகுதியைப் பெயரெச்சமாக்குங்கள்: "வேலைநிறுத்தத்துக்கு வழிவகுத்த". இதற்குப் பின் வாக்கியத்தில் உள்ள ஒரு பெயரை வையுங்கள். வழிவகுத்த ஊதியமா? வழிவகுத்த நிறுவனமா? இரண்டும் பொருந்தவில்லை. பொருந்துவது "ஊதியக் குறைப்பு", ஆனால் அந்தப் பெயர் வாக்கியத்தில் எங்கும் இல்லை. எச்சத்துக்குப் பெயர் கிடைக்கவில்லை என்றால் ஜிமேட் வகைக் கேள்விகளில் அது பிழை. "லீடிங் டு எ ஸ்ட்ரைக்" என்றோ "எ மூவ் தட் லெட் டு எ ஸ்ட்ரைக்" என்றோ இருக்கும் விடையைத் தேடுங்கள். நல்ல ஆங்கில எழுத்தாளர்கள் 'விச்' போட்டு இப்படி எழுதத்தான் செய்கிறார்கள். அதைப் பற்றி வாதாடத் தேர்வறை இடமில்லை.

அடுக்கி வரும் உறுப்புகள் ஒரே வடிவத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கும் இணையமைப்புக் கேள்விகளுக்கு எண்ணும்மை. தமிழ் ஒவ்வொரு உறுப்புக்கும் 'உம்' போட்டு அடையாளம் வைக்கிறது: பொறுமையும் துல்லியமும் வேகமும். ஆங்கிலம் கடைசி உறுப்புக்கு முன் ஒரே ஒரு 'அண்ட்' மட்டும் போடும், மற்ற உறுப்புகள் எங்கே இருக்கின்றன என்று நாமே தேட வேண்டும். "தி ஜாப் ரிக்வயர்ஸ் நாட் ஒன்லி பேஷன்ஸ் பட் ஆல்ஸோ டு பி அக்யுரேட்." இதற்குத் தமிழில் 'உம்' போட்டுப் பாருங்கள்: "பொறுமையும் துல்லியமாக இருக்கவும் தேவைப்படுகிறது". உடனே நொண்டுகிறது. பேஷன்ஸுக்கு இணை 'அக்யுரஸி'. செய்முறை இதுதான்: 'அண்ட்', 'ஆர்', 'பட் ஆல்ஸோ' எது வந்தாலும் அதன் வலப்பக்கத்தை முதலில் பாருங்கள். அங்கே நிற்பது பெயரா, 'டு' சேர்ந்த வினையா, 'இங்' வடிவமா என்று தெரிந்துகொண்டு, அதே வடிவத்தைத் தேடி இடப்பக்கம் போங்கள். இடப்பக்கத்திலிருந்து தொடங்கினால் நடுவில் வரும் எல்லாமே உறுப்பு மாதிரி தெரியும், குழம்பிவிடுவீர்கள்.

இதுவரை தமிழ் கைகொடுத்த இடங்களைச் சொன்னேன். கைவிடும் இடங்களும் இருக்கின்றன, அவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளாவிட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். என்னிடம் படித்த ஒருவர் தான் செய்த ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் அந்த வாக்கியத்தைத் தமிழிலும் எழுதி வைத்திருந்தார். இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டை இருவரும் சேர்ந்து புரட்டினோம். கடினமான வாக்கியங்களில் அவர் அதிகம் தவறவில்லை. அவர் திரும்பத் திரும்பத் தவறியது, தமிழ் வாக்கியமும் பிழையான ஆங்கில வாக்கியமும் அச்சு அசலாக ஒன்றாக இருந்த எளிய இடங்களில். அன்றிலிருந்து நான் எல்லோரையும் அப்படி எழுதச் சொல்கிறேன்.

அந்த நோட்டில் அதிகம் இருந்தது ஒப்பீடு. "ஹிஸ் சேலரி இஸ் ஹையர் தேன் ஹிஸ் பிரதர்." தமிழில் "அவன் சம்பளம் தம்பியை விட அதிகம்" என்று சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், தம்பியின் சம்பளம் என்று தானாகப் புரிந்துகொள்வார்கள். ஆங்கிலத் தேர்வோ சம்பளத்தைத் தம்பியோடு ஒப்பிட்டதாகத்தான் எடுத்துக்கொள்ளும். 'ஹிஸ் பிரதர்ஸ்' என்று உடைமைக் குறியோடு இருக்க வேண்டும், அல்லது 'தட் ஆஃப் ஹிஸ் பிரதர்' என்று இருக்க வேண்டும். விடைகளில் 'தட் ஆஃப்', 'தோஸ் ஆஃப்' தென்பட்டால் இது ஒப்பீட்டுக் கேள்வியாக இருக்கலாம் என்று உஷாராகிவிடுங்கள். பெயர் ஒருமை என்றால் 'தட்', பன்மை என்றால் 'தோஸ்'. அந்த வித்தியாசம் மட்டுமே கடைசி இரண்டு விடைகளைப் பிரிப்பதும் உண்டு.

காலமும் அப்படியே. "2015 முதல் இங்கே வேலை பார்க்கிறேன்" என்பது நல்ல தமிழ். "ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் சின்ஸ் 2015" என்பது பிழை. முன்பே தொடங்கி இன்னும் நடப்பதற்கு 'ஹேவ் பீன் ஒர்க்கிங்' வேண்டும். இதற்கு நேர்மாறாக, 'யெஸ்டர்டே', 'இன் 2010' என்று முடிந்துபோன காலம் வாக்கியத்தில் இருந்தால் 'ஹேவ்' வரக்கூடாது. "நேற்று பார்த்திருக்கிறேன்" என்று தமிழில் சொல்லலாம், "ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே" என்று சொல்ல முடியாது.

"மழை பெய்தாலும், ஆனால் போனோம்" என்று தமிழில்கூட எழுத மாட்டோம், ஆனாலும் ஆங்கிலத்தில் 'ஆல்தோ' போட்ட வாக்கியத்தில் 'பட்' போட்டுவிடுகிறோம், ஒன்று போதும். "அதைப் பற்றி விவாதித்தோம்" என்ற பழக்கத்தில் 'டிஸ்கஸ்' சொல்லுக்குப் பின் 'அபவுட்' வந்து ஒட்டிக்கொள்ளும், வெட்டுங்கள். 'டிஸ்பைட்' சொல்லுக்குப் பின் 'ஆஃப்' கிடையாது. "அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை" என்பதற்கு 'வேர் ஹி இஸ்' என்றே வரும், 'வேர் இஸ் ஹி' வராது. பேச்சுத் தமிழில் "பத்து மாடு மேயுது" என்று கள் விகுதி இல்லாமலே காலம் தள்ளுகிறோம். அதனால் ஆங்கிலத்தில் 'எஸ்' விடுபட்டிருந்தால் நமக்குக் கேட்பதே இல்லை. டோஃபல் ஐடிபியில் அடிக்கோடிட்ட சொல் பெயர்ச்சொல்லாக இருந்தால் அது ஒருமையா பன்மையா என்று தனியாக ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எஸ்ஏடிக்குத் தயாராகிறீர்கள் என்றால் உங்கள் நேரத்தில் பாதியை நிறுத்தக்குறிக்குக் கொடுக்கலாம். அங்கேயும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: முற்று எத்தனை? "தி எக்ஸ்பெரிமெண்ட் ஃபெயில்ட், தி டீம் ட்ரைட் அகேன்." சோதனை தோற்றது, முற்று. குழு மறுபடி முயன்றது, இன்னொரு முற்று. தனித்தனியே நிற்கக்கூடிய இரண்டு வாக்கியங்களை வெறும் கமாவால் கட்ட முடியாது. முற்றுப்புள்ளி வைக்கலாம், அரைப்புள்ளி வைக்கலாம், கமாவோடு 'அண்ட்', 'பட்', 'ஸோ' என ஓர் இணைப்புச் சொல் சேர்க்கலாம். இங்கே 'ஹவெவர்' ஒரு பெரிய பள்ளம். அதை "ஆனால்" என்று மொழிபெயர்த்துப் பழகியதால் அதுவும் 'பட்' போல இணைக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அதற்கு இணைக்கும் சக்தி இல்லை. இரண்டு முற்றுகளுக்கு நடுவில் 'ஹவெவர்' வந்தால் அதற்கு முன்போ பின்போ முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ இருந்தாக வேண்டும். முன்பா பின்பா என்பதை, எதிர்மறைக் கருத்து எந்த வாக்கியத்தில் இருக்கிறது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். 'இங்' மட்டும் தனியாக நின்றால் அது எச்சம், முற்றாகாது. 'தி டீம் ட்ரையிங் அகேன்' என்ற விடை எவ்வளவு நன்றாக ஒலித்தாலும் வாக்கியம் ஆகாது.

குறுக்குவழி என்று சொல்லிக் கொடுக்கப்படும் சிலவற்றை விட்டுவிடுங்கள். குட்டையான விடைதான் சரி, 'பீயிங்' வந்தால் தப்பு, செயப்பாட்டு வினை வந்தால் தப்பு என்பார்கள். பல முறை பலிக்கும், அதனால்தான் ஆபத்து. செய்தவர் யார் என்பது முக்கியமில்லாத வாக்கியத்தில் செயப்பாட்டு வினையே சரியான விடையாக வரும். தேவையான ஒரு சொல்லை விழுங்கிவிட்டதாலேயே ஒரு விடை குட்டையாக இருக்கும்.

சில நேரம் இரண்டு விடைகளும் இலக்கணப்படி சரியாகவே இருக்கும், பொருள் மட்டும் வேறாகும். 'ஒன்லி' இதற்கு நல்ல உதாரணம். "ஒன்லி தி நர்ஸ் செக்ட் தி சார்ட்" என்றால் செவிலியர் மட்டும் பார்த்தார், "தி நர்ஸ் செக்ட் ஒன்லி தி சார்ட்" என்றால் குறிப்பேட்டை மட்டும் பார்த்தார். தமிழில் 'மட்டும்' தான் தொடும் சொல்லை விட்டு நகராது, அதனால் தமிழாக்கியதும் வேறுபாடு பளிச்சென்று தெரியும். எந்தப் பொருள் வேண்டும் என்பதை மீதி வாக்கியம் சொல்லும்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். கடைசி இரண்டு விடைகள் மிஞ்சியதும் அவற்றை மறுபடி முழுதாகப் படிக்காதீர்கள். படித்தால் காது விழித்துக்கொள்ளும். இரண்டையும் மேலும் கீழுமாக வைத்து, வேறுபடும் சொற்களை மட்டும் வட்டமிடுங்கள். அந்த வேறுபாட்டுக்கு ஒரு பெயர் வையுங்கள்: எழுவாயா, எச்சமா, உம்மையா, முற்றா, ஒப்பீடா, காலமா. பெயர் வைத்துவிட்டால் கேட்க வேண்டிய கேள்வி தானாக வரும். எழுவாய் என்றால் தலை எது? எச்சம் என்றால் செய்தவர் யார்? உம்மை என்றால் வலப்பக்கம் என்ன வடிவம்? முற்று என்றால் எத்தனை? அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பெயரே வைக்க முடியவில்லை என்றால் ஒன்றைக் குறித்துவிட்டு நகருங்கள். எஸ்ஏடியிலும் டோஃபல் ஐடிபியிலும் தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஆகவே எதையும் வெற்றாக விடவேண்டாம்.

பயிற்சியைப் பொறுத்தவரை, ஒரு நாளைக்கு அறுபது கேள்வி போடுவதை நிறுத்துங்கள். பத்து போதும். ஆனால் அந்தப் பத்திலும் சரியான விடை ஏன் சரி என்பதை விட, மற்ற ஒவ்வொரு விடையும் ஏன் தவறு என்று ஒரு வரி எழுதுங்கள். "நன்றாக இல்லை", "இடறுகிறது" என்று எழுதினால் அது காது எழுதியது, அடித்துவிட்டு மறுபடி யோசியுங்கள். தவறிய கேள்விகளுக்கு ஒரு தனி நோட்டு. இடப்பக்கம் நீங்கள் தேர்ந்தெடுத்த தவறான வாக்கியம், வலப்பக்கம் அதன் தமிழ், கீழே வேறுபாட்டின் பெயர். சரியாக வந்தாலும் சந்தேகத்தோடு குறித்த கேள்விகளையும் அதிலேயே சேருங்கள். மூன்று வாரம் கழித்து அந்தப் பெயர்களை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று பெயர்களே மறுபடி மறுபடி வந்திருக்கும். இலக்கணப் புத்தகத்தை மூன்றாவது முறை முதலிலிருந்து படிக்க வேண்டாம், அந்த இரண்டு மூன்று அதிகாரங்களை மட்டும் திறங்கள்.